ஆளுள்ள விமானம்

பதிவு சற்று நீளம். பல்கலைக்கழக வாழ்வோடு தொடர்புடைய நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன். இறுதியில் ஒரு கையொப்பமும் கேட்கவிருக்கிறேன்.

மூன்று வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வளாகத்தின் பழைய திடலில் இளநிலை மாணவர் மூவர் பறக்கவிட்டுக்கொண்டிருந்த மூன்று மாதிரி விமானங்களைப் பாதுகாப்புப் பணியாளர்கள் கைப்பற்றிச் சென்றனர். டெப்ரான் தாளைக் கத்தியால் வெட்டி, சூடான பசையால் ஒட்டி, இறக்கையின் வயிற்றில் மூங்கில் குச்சி செருகி, அவர்களே செய்தவை. ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்குக் குறைவு. குறிப்பேட்டில் எழுதப்பட்ட குற்றம்: 'அனுமதியின்றி ட்ரோன் இயக்கியமை.'

அம்மூவருக்கும் பறக்கக் கற்றுக்கொடுத்தவர்களுள் நானும் ஒருவன் என்பதால் மறுநாள் அலுவலகம் சென்றேன். அங்கிருந்த அதிகாரி கடுமையானவர் அல்லர். தேநீர் வரவழைத்தார். மேசை மேலிருந்த விமானத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கேமரா எங்கே?" என்றார். கேமரா இல்லை என்றேன். உண்மையாகவே குழம்பிப்போய், "கேமரா இல்லையென்றால் பின் எதற்குப் பறக்கவிடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

அன்று எனக்கு விடை வரவில்லை. மாணவர்கள், ஆர்வம், விளையாட்டு என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்தேன். அவர் கேட்டது நேர்மையான கேள்வி. இது அதற்கு நான் காலந்தாழ்த்தி எழுதும் விடை.

மொழியியல் படித்தவன் சொல்லிலிருந்துதான் தொடங்குவான், பொறுத்தருள்க. 'ட்ரோன்' என்பதற்குத் தமிழ் நாளிதழ்கள் 'ஆளில்லா விமானம்' என்று எழுதுகின்றன. 'இல்லா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஒரு பொருளை அதில் இருப்பதைக் கொண்டு அழைக்காமல், இல்லாததைக் கொண்டு அழைக்கும் பெயர் இது. எல்லையைக் கண்காணிக்கும் பெரிய இயந்திரங்களுக்கும், ஏறத்தாழத் தானே பறந்து தானே இறங்கும் நான்கு சுழலிக் கருவிகளுக்கும் அப்பெயர் ஒருவாறு பொருந்தலாம். நாங்கள் செய்யும் விமானத்துக்கு அது முற்றிலும் பொய். அதில் ஆள் இருக்கிறான். தரையில், கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறான். இரண்டு விநாடி அவன் கவனம் சிதறினால் விமானமும் சிதறும்.

இந்த வேறுபாடு அலங்காரத்துக்குச் சொல்வது அன்று. நான்கு சுழலிக் கருவியின் உள்ளே சுழற்சிமானியும் முடுக்கமானியும் உள்ளன. கருவி சாய்ந்தால் அதன் கணிப்பொறி நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை திருத்துகிறது. செயற்கைக்கோள் இடங்காட்டியும் இருந்தால் இயக்குபவர் விசைகளை விட்டுவிட்டுத் தேநீர் அருந்தலாம், கருவி அந்தரத்தில் அசையாமல் நிற்கும். இறக்கை விமானம் நிற்காது. அது முன்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும் வரையில்தான் இறக்கைக்கு ஏற்றவிசை. வேகம் குறைந்த நிலையில் மூக்கைத் தூக்கினால், இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துபோகும். விமானம் பறவையாக இருந்தது போதும் என்று அட்டையாகிவிடும். எங்கள் எளிய விமானங்களில் சமநிலைக் கருவி எதுவுமில்லை. இருப்பவை ஒரு மின்மோட்டார், அதன் வேகக் கட்டுப்பாட்டுச் சுற்று, 9 கிராம் எடையுள்ள மூன்று நான்கு செர்வோக்கள், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவாங்கி, 2200 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் மின்கலம். எஞ்சிய அனைத்தும் இயக்குபவரின் கண்ணும் இரு பெருவிரல்களும்.

ஆனால் அதிகாரியின் குழப்பத்துக்கு வரலாற்றில் நியாயம் உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையற்றவனாவேன். 1935இல் பிரிட்டனில் டி ஹாவிலண்ட் நிறுவனம், பீரங்கி வீரர்கள் சுட்டுப் பழகுவதற்காக வானொலியால் இயக்கப்படும் விமானமொன்றைச் செய்தது. பழைய பறத்தல் கழகத்தினர் நன்கறிந்த டைகர் மோத் விமானத்தின் உடன்பிறப்பு அது. அதற்கு 'குவீன் பீ', அதாவது ராணித்தேனீ, என்று பெயர். அதைக் கண்டு தம் நாட்டுக்கும் ஒன்று செய்ய முனைந்த அமெரிக்கக் கடற்படையினர், ராணிக்கு இணையாக ஆண் தேனீயின் பெயரான 'ட்ரோன்' என்பதைத் தேர்ந்தனர் என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். அதே பத்தாண்டில் ஹாலிவுட்டில் ரெஜினால்ட் டென்னி என்ற நடிகர் மாதிரி விமானக் கடை நடத்திவந்தார். அவர் தொடங்கிய ரேடியோபிளேன் நிறுவனம் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு ஆயிரக்கணக்கில் இலக்கு விமானங்களைச் செய்து கொடுத்தது. (அத்தொழிற்சாலையில் படமெடுக்கச் சென்ற இராணுவப் புகைப்படக்காரரின் கண்ணில் பட்ட தொழிலாளிப் பெண்தான் பின்னாளில் மர்லின் மன்றோ ஆனார். ஆய்வேட்டில் சேர்க்க முடியாத செய்திகளை எங்கேயாவது சொல்லித்தானே ஆகவேண்டும்.) ஆக, பொழுதுபோக்கும் போர்க்கருவியும் ஒரே கடையிலிருந்து புறப்பட்டவை. பிரிந்து வெகுதூரம் வந்தபின் ஒன்றின் பெயர் மற்றொன்றை விழுங்கிவிட்டது.

விழுங்கியதன் விளைவைச் சட்டத்தில் காணலாம். 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வெளியிட்ட ஓர் அறிவிப்பு, விதிமுறைகள் வரும்வரை பொதுமக்கள் எவரும் ஆளில்லா வான்கருவிகளை இயக்கக்கூடாது என்றது. பின்னர் விதிகள் வந்தன, மாறின, மீண்டும் மாறின. இன்று நடைமுறையில் இருப்பவற்றுக்கு அடிப்படை 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள். அவற்றின்படி இறக்கை விமானமும் சுழலிக் கருவியும் இரண்டும் கலந்ததும் யாவும் ட்ரோனே. ஆயினும் அதே விதிகளுக்குள் 'மாதிரி' வான்கருவி என்றொரு தனி வகை இருக்கிறது: 25 கிலோவுக்கு மிகாமல், கல்வி, ஆய்வு, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டும், கண்ணுக்கெட்டிய தொலைவுக்குள் இயக்கப்படுவது. இதற்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. 2 கிலோ வரையுள்ள கருவியை வணிக நோக்கமின்றி இயக்க இயக்குநர் சான்றிதழும் வேண்டியதில்லை. வான்வெளி வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற மண்டலங்களை மதிக்கவேண்டும். பச்சையிலும் 400 அடிக்கு மேல் ஏறக்கூடாது. நியாயமான விதிகள். சட்டம் எழுதியவர்கள் எங்களுக்கு ஒரு சிற்றறையை ஒதுக்கித்தான் வைத்திருக்கிறார்கள். அந்த அறை இருப்பது வளாகத்துக்குள் எவருக்கும் தெரியாது என்பதே எங்கள் குறை.

இனி, அந்த 'எதற்கு' என்பதற்கு வருகிறேன்.

எங்களுக்கெல்லாம் ஆசான், தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் ஏரோமாடலிங் பயிற்றுநராக இருந்து ஓய்வுபெற்றவர். வளாகத்துக்கு அருகில் வசிக்கிறார். எல்லாருக்கும் அவர் மாஸ்டர்ஜி. பால்சா மரத்துண்டைக் கையிலெடுத்ததும் அதன் நார் ஓடும் திசையை விரலாலேயே சொல்லிவிடுவார். டெப்ரான் விமானங்களின் மேல் அவருக்கு மரியாதை குறைவு. ஆனால் மாணவர் கையிருப்புக்கு அதுதான் கட்டும் என்று ஒப்புக்கொள்வார். என் முதல் விமானத்தை அவரிடம் கொண்டுபோனபோது அவர் அதன் அழகைப் பார்க்கவில்லை. இறக்கையின் கீழே, முன்விளிம்பிலிருந்து இறக்கையகலத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகமான தொலைவில், இருபுறமும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். அந்த இரு புள்ளிகளில் இரு விரல் கொடுத்து விமானத்தைத் தூக்கினார். வால் தாழ்ந்தது. "பேட்டா, மூக்கு கனத்த விமானம் மோசமாகப் பறக்கும். வால் கனத்த விமானம் ஒரே ஒரு முறை பறக்கும்" என்றார். உலகெங்கும் இத்துறையினர் சொல்வதுதான். அவர் வாயிலாகத்தான் முதன்முதலில் கேட்டேன். மின்கலத்தை இரண்டு விரற்கடை முன்னே தள்ளினோம். விமானம் விரல்களின் மேல் நிதானமாக மூக்கைச் சற்றே தாழ்த்தி நின்றது.

ஈர்ப்பு மையம் என்பதை ஒன்பதாம் வகுப்பிலிருந்து எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். அது இரண்டு விரல்நுனிகளில் உட்காரும் ஒரு பொருள் என்று அறிய இருபத்தைந்து வயதாயிற்று.

ஆயினும் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி திசை. விமானம் உங்களை விட்டு விலகிப் பறக்கும்போது விசையை வலப்புறம் தள்ளினால் அது உங்கள் வலப்புறம் திரும்பும். சிக்கலில்லை. அது திரும்பி உங்களை நோக்கி வரும்போது, அதே விசை அதே வலப்புறம், ஆனால் விமானம் உங்கள் இடப்புறம் போகும். ஏனெனில் அது தன் வலத்துக்குத்தான் திரும்புகிறது. காகிதத்தில் இது ஒரு வரி. வானில் இது, கை அறிந்ததை மூளை மறுக்கும், மூளை அறிந்ததைக் கை மறுக்கும் ஓர் அரை விநாடி. புதியவர்களின் விமானங்கள் பெரும்பாலும் இந்த அரை விநாடியில்தான் உடைகின்றன. மாஸ்டர்ஜி தரும் மருந்து எளியது: உன்னை நோக்கி வரும்போது வலம் இடம் என்று யோசிக்காதே, எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் விசையைத் தள்ளு, அதற்கு முட்டுக் கொடுப்பதுபோல. சில வாரங்களில் இந்த உபாயமும் மறந்துபோகும். அப்போது நீங்கள் தரையில் நிற்பதில்லை, விமானத்தினுள்ளே அமர்ந்திருக்கிறீர்கள்.

மொழியியல் மாணவர்கள் இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். இடத்தைச் சொல்ல மொழிகள் பல சட்டகங்களைக் கையாள்கின்றன என்பது நமக்குப் பாடம். சொல்பவரின் இடவலத்தை வைத்துச் சொல்வது ஒன்று. பொருளின் சொந்த முன்பின்னை வைத்துச் சொல்வது ஒன்று. கிழக்கு, மேற்கு என்று மாறாத திசைகளை வைத்துச் சொல்வது ஒன்று. ஆஸ்திரேலியாவின் கூகு யிமிதிர் மொழியினர் கைக்கெட்டும் பொருளைக்கூட வடக்கு, தெற்கு என்றே சுட்டுவர் என்று வகுப்பில் வியந்திருப்போம். அதற்கு அவ்வளவு தொலைவு போகவேண்டியதில்லை. எரிக் பெடர்சன் 1990களில் தமிழ் பேசுவோரிடையே செய்த ஆய்வில், நகரத்தார் இடவலத்தையும் நாட்டுப்புறத்தார் திசைகளையும் மிகுதியாகக் கையாள்வதைக் காட்டினார். என் பாட்டி 'அந்தச் செம்பை மேற்கே நகர்த்து' என்று சொன்னபோது சிரித்த பேரன்களில் நானும் ஒருவன்.

திடலில் நாங்கள் என்ன செய்கிறோம் என்று கவனித்தேன். (இது ஆய்வு அன்று, ஞாயிறுதோறும் காது கொடுத்ததன் பயன் மட்டுமே.) முதல் நாளில் எல்லாரும் 'இடது, இடது' என்று கத்துவார்கள். யாருடைய இடது? கத்துபவனுடையதா, விசை பிடித்தவனுடையதா, விமானத்தினுடையதா? அந்தக் கேள்விக்கு விடை கிடைப்பதற்குள் விமானம் கடுகு வயலில் விழுந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து அதே மாணவர்கள் 'அரசமரம் பக்கம்', 'தொட்டிப் பக்கம்', 'வயல் பக்கம்' என்று பேசத் தொடங்குகிறார்கள். ஒருவரும் சொல்லித்தரவில்லை. இந்தி, வங்காளம், மலையாளம், மைதிலி என்று வெவ்வேறு வீட்டுமொழிகள். திடலில் எல்லாருக்கும் ஒரே தேவை. அந்தத் தேவை, பேச்சைச் சில வாரங்களில் ஒரு சட்டகத்திலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்திவிட்டது. மூன்று ஆண்டுகளாக இடச்சுட்டு குறித்து ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு, என் இயல் தலைப்பு கண்முன் பறந்து போனதைப் போலிருந்தது. நெறியாளரிடம் சொன்னேன். "முதலில் மூன்றாம் இயலை முடி" என்றார். அதுவும் நியாயமே.

ஆபத்தே இல்லை என்று நான் வாதிடப்போவதில்லை. பத்து அங்குல விசிறி நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழல்கிறது, விரலை வெட்டும். சென்ற மழைக்காலத்துக்குப் பின் ஒரு செர்வோவை மாற்றினேன். அவசரத்தில் அது எதிர்ப்புறமாக இயங்குவதைச் சரிபார்க்கவில்லை. விசையை வலப்புறம் தள்ளினால் வலப்புற இறக்கை மடல் மேலே எழவேண்டும். பறக்குமுன் இதைப் பார்ப்பது பத்து விநாடி வேலை. நான் பார்க்கவில்லை. கையிலிருந்து விட்டதும் விமானம் இடப்புறம் சாய்ந்தது. நிமிர்த்த வலப்புறம் தள்ளினேன், இன்னும் சாய்ந்தது. பதறி இன்னும் தள்ளினேன். வேலியோரம் களை எடுத்துக்கொண்டிருந்த தோட்டப் பணியாளரிடமிருந்து பத்தடி தள்ளித் தரையில் குத்தி நின்றது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எனக்குக் கை நடுக்கம் நிற்க நெடுநேரமாயிற்று. மாஸ்டர்ஜி அன்று என்னைத் திட்டவில்லை. இரண்டு ஞாயிறுகள் விசையைத் தொடவிடவில்லை. மூன்றாம் ஞாயிறு, பிறருடைய விமானங்களைச் சரிபார்க்கும் வேலையை எனக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து இன்றுவரை அதுதான் என் வேலை.

எனவே, கேட்பாரற்ற சுதந்திரத்தை நான் கேட்கவில்லை. தடை செய்தால் இந்தச் சரிபார்ப்பு மறையும், பறப்பது மறையாது. மாணவர்கள் விடுதி மொட்டைமாடியிலிருந்து, மாஸ்டர்ஜி இல்லாமல், மாலை மங்கும் வேளையில் பறக்கவிடுவார்கள். அங்கே விமானம் விழுந்தால் சாலையில்தான் விழும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சென்ற ஆண்டு இதே வளாகத்தில் ட்ரோன் பயிலரங்கு ஒன்று நடந்தது. குத்துவிளக்கு, பொன்னாடை, பதாகை எல்லாம் உண்டு. பெட்டியிலிருந்து எடுத்த கருவி ஒன்று மேலே ஏறி, விருந்தினரைப் படமெடுத்து, இறங்கியது. மாணவர்கள் கைதட்டினர். எவரும் எதையும் தொடவில்லை. அதை நடத்தியவர்களைப் பழிக்கவில்லை. மருந்து தெளிக்கவும் நிலம் அளக்கவும் இக்கருவிகள் பயன்படுவதை அறிவேன். ஆனால் பறப்பது என்றால் எதையாவது சுமந்துகொண்டு பறப்பதே என்று நிறுவனங்கள் முடிவு செய்துவிட்டன: கேமரா, பூச்சிமருந்து, பொட்டலம், குறைந்தது ஒரு தொழில்முனைவுத் திட்டம். எங்கள் விமானம் ஒன்றையும் சுமப்பதில்லை. அதனால் அது எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் அடங்குவதில்லை. 'கேமரா எங்கே?' என்ற கேள்வியை அந்த அதிகாரி மட்டும் கேட்கவில்லை. 'இதனால் உன் ஆய்வேட்டுக்கு என்ன பயன்?' என்பதும், 'இது பொறியியல் மாணவர் வேலையல்லவா?' என்பதும் அதே கேள்விதான். கைப்பற்றப்பட்ட மூன்றில் ஒன்று வரலாற்றுத்துறை மாணவருடையது. இன்னொன்று இந்தி இலக்கியம் படிக்கும் பெண்ணுடையது. எங்கள் குழுவில் முதல் முயற்சியிலேயே தரையிறக்கிய ஒரே விமானம் அது. அந்த விமானத்துக்கு முன் அவர் செய்த நான்கும் உடைந்தன. ஒவ்வொன்றும் எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். என் ஆய்வேட்டில் நான் கைவிட்ட கருதுகோள்களைப் பற்றி அவ்வளவு நேர்மையான பதிவு என்னிடம் இல்லை.

நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது சிறியது. ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை பழைய திடல் எங்களுக்கு வேண்டும். அந்நேரத்தில் அங்கே நடைப்பயிற்சிகூட இல்லை. வான்வெளி வரைபடத்தில் அவ்விடம் பச்சை. விமானம் 2 கிலோவுக்குள் இருக்கும், கேமரா இராது. பறக்குமுன் சரிபார்த்துக் கையொப்பமிடும் ஒருவர் எப்போதும் இருப்பார். புதியவர்கள் ஆசானின் விசைப்பெட்டியோடு இணைத்த பெட்டியில் மட்டுமே பழகுவர்; அவர் விரலை எடுத்தால் கட்டுப்பாடு அவரிடம் திரும்பிவிடும். சட்டம் கோரும் பதிவுகளை நாங்களே செய்துகொள்கிறோம். ஓர் ஆசிரியர் பொறுப்பேற்க முன்வந்திருக்கிறார். பெயரை அவர் அனுமதித்ததும் வெளியிடுகிறேன். மனுவின் இணைப்பு முதல் கருத்துரையில் உள்ளது. வியாழக்கிழமை பதிவாளரிடம் கொடுக்கிறோம். பிற பல்கலைக்கழகத்தினரும் கையொப்பமிடலாம். உங்கள் வளாகத்தில் இத்தகைய ஏற்பாடு ஏதேனும் நடைமுறையில் இருந்தால் அதன் விவரங்களைக் கீழே எழுதுங்கள், மனுவோடு இணைத்துக்கொள்கிறோம்.

அதற்கிடையில் ஓர் அவசரம். விமானங்கள் அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் மின்கலங்களுடன் பூட்டப்பட்டுள்ளன. அன்று காலை இரண்டு மின்கலங்கள் முழுமையாக மின்னேற்றப்பட்டிருந்தன. லித்தியம் பாலிமர் கலத்தைச் சேமித்துவைக்க அறைக்கு 3.8 வோல்ட் போதும், 4.2 வோல்டில் வாரக்கணக்கில் விட்டால் அது கெடும், உப்பவும் கூடும், உப்பிய கலம் தீப்பற்றும் அபாயம் உண்டு. இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன், நேரிலும் இருமுறை சொல்லிவிட்டேன். விமானங்களை அவர்கள் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் வைத்திருக்கட்டும், மின்கலங்களை மட்டுமாவது கழற்ற என்னை அனுமதிக்கவேண்டும். நாளை காலை பத்து மணிக்கு மீண்டும் போகிறேன். உடன்வர விரும்புவோர் நூலக வாயிலில் நில்லுங்கள்.